மணமாகாதவர், பதினெட்டுக்குக் கீழ்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நல்லது நடந்தால் அவர் கேக் கொண்டுவர வேண்டும். தேநீர் அறை மேசையில் கேக்கை வைத்து, பல்குத்தியில் ஒட்டிய சிவப்பு வெள்ளைக் காகிதக் கொடிகளை அதில் குத்தி, என்ன காரணம் என்று ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பேரப்பிள்ளை பிறந்ததற்கும் கேக், வீடு வாங்கியதற்கும் கேக், நாய்க்குச் சத்திரசிகிச்சை சரிவந்ததற்கும் கேக். ஒருத்தி விவாகரத்துக் கிடைத்ததற்குக் கொண்டுவந்தாள். கொடி குத்தினால் எதையும் விழுங்கிவிடலாம் என்று நினைக்கும் மக்கள் இவர்கள். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. போன வருடக் கடைசியில் ஒரு நாள் காலை வேலை முடிந்து உள்ளே போனபோது பிர்கிட்டவின் கேக் இருந்தது. துண்டில் இப்படி எழுதியிருந்தாள்: "மகள் ராணுவத்துக்குப் போகிறாள். எடுத்துச் சாப்பிடுங்கள்!"

பிர்கிட்ட எனக்கு ஜோடி. பாரமான ஆட்களைத் தூக்கிக் கழுவவும் படுக்கை விரிப்பு மாற்றவும் இரண்டு பேர் தேவை. ஆறு வருடமாக மற்ற ஆள் அவள்தான். நல்லவள். நல்லவர்களுக்கு உரிய மந்தமும் உண்டு. மகளுக்குச் சீட்டில் சின்ன எண் விழுந்ததாம், சின்ன எண் விழுந்தவர்களைத்தான் கூப்பிடுவார்களாம், பதினொரு மாதமாம். "போய்வரட்டும். இனியாவது தன் கட்டிலைத் தானே விரிக்கப் பழகுவாள்" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு பெண்பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டுக் கட்டில் விரிப்பைப் பற்றிக் கதைக்கும் தாயை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். எனக்கு அவள்மேல் கடுமையான இளக்காரம் வந்தது. இவர்களுக்கு ராணுவம் என்பது பாடசாலைச் சுற்றுலா. ஈரச் சப்பாத்தும் தகரக் குவளையில் கோப்பியும் புது நண்பர்களும். இருந்தாலும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.

"உன் மகளும் போகலாம்தானே? நீங்கள் குடியுரிமை எடுக்கப் போகிறீர்கள் அல்லவா? இப்போது பெண்பிள்ளைகளுக்கும் சீட்டு இழுப்பு உண்டு" என்றாள் பிர்கிட்ட, தன் பங்கைப் பகிர்ந்து தருகிறவள் மாதிரி. தட்டை மேசையில் வைத்தேன். இந்த நாட்டில் கட்டாயச் சேவை இருப்பது எனக்குத் தெரியும். அது ஆண்களுக்கு என்று நினைத்திருந்தேன். எனக்கு இருப்பது ஒரே மகள் என்பதால் அந்தச் செய்திகளை நான் வாசிக்கவே இல்லை. மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய செய்தியை யார் வாசிக்கிறார்கள்?

இதை ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். நாங்கள் டென்மார்க்கில் ஸ்கீவவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறோம். என் கணவர் நேசன் கதவு, யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கிறார். மகள் ஆரணி ஐந்து வயதில் என்னோடு இங்கே வந்தாள். இப்போது கிம்னாசியத்தில், உயர்தரத்தில் படிக்கிறாள். நிரந்தர வதிவிடம் எடுத்தபிறகு நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். எந்த மன்னர் எந்தப் போரில் தோற்றார் என்றெல்லாம் கேட்கும் பரீட்சையை இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை பாஸ் பண்ணினேன். பெற்றோர் விண்ணப்பித்தால் பிள்ளையையும் சேர்க்கலாம். அதற்கு ஒரு கட்டம் இருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளைகள் மட்டும். அந்த இடத்தில் ஆரணியின் பெயரை எழுதினேன். மணமாகாதவர் என்று ஒரு படிவத்தில் நிம்மதியாக எழுத முடிகிறதே என்று நினைத்தேன்.

எனக்குப் பதினேழு வயதில் கலியாணம். கிளிநொச்சிக்கு இங்கால் ஒரு குடியேற்றத்தில் இருந்தோம். அப்போது அங்கே சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. மணமானவர்களை எடுப்பதில்லை என்று ஒரு கதை. கதை நிசமா பொய்யா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் எங்கள் பக்கம் நடந்த கலியாணங்களைப் போல முன்னும் பின்னும் நடந்ததில்லை. மீசை அரும்பாத மாப்பிள்ளைகள். பாடசாலைப் பின்னலை அவிழ்த்து மாலை போட்ட பெண்கள். சாத்திரம் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை. எங்கள் ஆட்களைச் சாதி பார்க்காமல் கலியாணம் கட்டவைக்க ஒரு பயம் தேவைப்பட்டது. தபாற்கந்தோரில் வேலை செய்த ஐயா, இரண்டு தெரு தள்ளி இருந்த நேசனின் தகப்பனோடு கதைத்து, மூன்று நாளில் முடித்துவிட்டார். நேசனுக்குப் பத்தொன்பது. தாலி கட்டும்போது அவருடைய கை நடுங்கியது. அதை வெட்கம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

என் தங்கை மதி அன்றைக்குப் பந்தியில் பாயசம் பரிமாறினாள். பதினைந்து வயது. என் பழைய சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். ஐயா மூத்தவளைக் காப்பாற்றிய சந்தோசத்தில் இருந்தார். வீட்டுக்கு ஒருவர் என்றால், மணமானவளைக் கழித்தபிறகும் அந்த வீட்டில் ஒருத்தி மிச்சம் இருக்கிறாள் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை. அல்லது எட்டியது, பதினைந்து வயதை எடுக்கமாட்டார்கள் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மதியைக் கொண்டுபோனார்கள். அதற்குப்பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்தவர்களின் பட்டியலில் இல்லை, முகாமில் இல்லை, எங்கும் இல்லை. அம்மா இன்றைக்கும் அவளுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் மற்றத் தாய்மாரோடு உட்கார்ந்திருக்கிறாள். இதை நான் ஆரணிக்குச் சொன்னதே இல்லை. சித்தி ஒருத்தி இருந்தாள், சண்டையில் காணாமல் போய்விட்டாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

கேக் சாப்பிட்ட அன்று பின்னேரமே மாஸ்ரர் தொலைபேசி எடுத்தார். மாஸ்ரர் என்பவர் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் முக்கிய பேச்சாளர். எண்பதுகளில் இங்கே வந்தவர். ஒவ்வொரு கார்த்திகை மாதமும் மாவீரர் நாளன்று வாடகை மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, பிள்ளையைத் தந்த தாயின் வயிறு எத்தனை புனிதமானது என்று முக்கால் மணித்தியாலம் பேசுவார். நாங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பேச்சு முடிய எல்லோருக்கும் ரோல்சும் தேநீரும் உண்டு.

"தங்கச்சி, விசயம் கேள்விப்பட்டனீரே? பொம்பிளைப் பிள்ளையளையும் கூப்பிடுறாங்களாம்."

"ஓம் மாஸ்ரர். இண்டைக்குத்தான் அறிஞ்சனான்."

"அப்ப உடன பிள்ளையின்ர பேரை வெட்டும். பெர்மனன்ற் விசாவோட இருக்கட்டும், என்ன குறைஞ்சுபோச்சு? எங்கட பிள்ளையள் ஏன் இவங்கட ஆமியில போய்ச் சாகவேணும்?"

"கார்த்திகையில மண்டபத்தில வேற மாதிரியெல்லோ கதைக்கிறனீங்கள்?"

"அது வேற, இது வேற. அது மண்ணுக்காக."

"ஆரின்ர பிள்ளையள் மாஸ்ரர் மண்ணுக்காகப் போனது?"

அவர் அதைக் கேட்காததுபோல் விட்டுவிட்டார். கேட்காததுபோல் விடுவதில் அவரைப்போன்றவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. தன் கடைக்குட்டிக்கு ஆஸ்துமா என்று வைத்தியரிடம் ஒரு கடிதம் எடுக்கலாமா என்று பார்ப்பதாகச் சொன்னார். போன கோடையில் சங்கத்து விளையாட்டுப் போட்டியில் நானூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை அது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இல்லாட்டி ஒண்டு செய்யும். நல்ல பெடியன் ஒருத்தனாப் பாத்துப் பதிவு எழுத்தை எழுதி வையும். கலியாணம் பிறகு ஆறுதலாச் செய்யலாம். கட்டினவையை விடுவாங்கள்தானே? அங்க விட்டவங்கள்தானே?"

அங்கே. நாங்கள் இருந்த வன்னியைப் படத்தில் மட்டும் பார்த்த மனிதன் எனக்குச் சொல்கிறான், அங்கே விட்டார்கள் என்று. நான் சட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டேன். நேசனிடம் சொல்லி மாஸ்ரரைத் திட்டினேன். நேசன், "அந்தாள் லூசு, விடுமப்பா" என்றார். ஆனால் இதில் கேவலமான பகுதி இனித்தான் வருகிறது. அந்த லூசு சொன்னதை என் மனம் விடவில்லை. பாத்திரம் கழுவும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான். கட்டினவையை விடுவாங்கள்தானே. இருபது வருடத்துக்கு முன் என் உடம்புக்குள் போன அந்தக் கதை, இந்த நாட்டுச் சட்டம் தெரியாமல், பரீட்சைக்குப் படித்ததெல்லாம் பயனில்லாமல், எழும்பி உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. விண்ணப்பத்தில் மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டுக் குடியுரிமை அலுவலகத்திலிருந்து முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது. அதிலிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் கதைத்தாள். மகளின் பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் ஏன் என்றாள். நான் சுற்றி வளைத்து, படைக்குக் கூப்பிடுவது பற்றி ஏதோ சொன்னேன். அது வேறு அலுவலகம் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் கேட்டேன்: "மகளுக்குத் திருமணம் ஆகியிருந்தால் கூப்பிடமாட்டார்கள் அல்லவா?"

மறுமுனையில் விசைப்பலகையின் சத்தம் நின்றது.

"உன் மகளுக்கு எத்தனை வயது?" என்றாள், குரல் வேறுமாதிரி ஆகி.

"பதினேழு."

"யாராவது அவளுக்குத் திருமணம் ஏற்பாடு செய்கிறார்களா?"

"இல்லை, இல்லை. எங்கள் ஊரில் மணமானவர்களை எடுக்கமாட்டார்கள். அதுதான் கேட்டேன்."

"எடுக்கமாட்டார்கள் என்றால்? யார்? எங்கே எடுப்பார்கள்?"

என்னுடைய டெனிஷ் முதியோர் இல்லத்து டெனிஷ். வலிக்கிறதா, மறுபக்கம் திரும்பு, இன்று நல்ல வெயில். யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்பதற்கு என்னிடம் அந்த மொழியில் சொற்கள் இல்லை. தமிழிலும் நான் அதை யாருக்கும் சொன்னதில்லை. நான் தடுமாறத் தடுமாற அவள் மேலும் மேலும் மென்மையானாள்.

"நீ இப்போது தனியாக இருக்கிறாயா? பேசுவது உனக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா?"

"பாதுகாப்புத்தான். குசினியில் நிற்கிறேன்" என்றேன்.

அந்த மென்மையை நான் வெறுக்கிறேன். பழுப்புத் தோலுடைய தாய் ஒருத்தி மகளின் கலியாணத்தைப் பற்றி வாய் திறந்தவுடன் இவர்கள் முகத்தில் வந்து உட்காரும் அந்த இரக்கம். அவர்களுக்கு எங்களைப் பற்றி ஒரே ஒரு கதைதான் தெரியும். எதைச் சொன்னாலும் அதற்குள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? மணவறையைக் கேடயமாகப் பிடிக்கலாமா என்று கேட்டவள் நான்தானே.

ஒரு வாரம் போனது. தொலைபேசியில் கதைத்தவள் தகவல் கொடுத்து, நகரசபையான கொமூனவிலிருந்து இரண்டு பெண்கள் ஆரணியின் பாடசாலைக்குப் போய், கணிதப் பாடத்தில் இருந்தவளை வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் பயமாக இருக்கிறதா, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, ஊருக்குப் போகும் திட்டம் ஏதும் உண்டா, உனக்கென்று யாரையாவது பார்த்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டையும் கொடுத்து, அதைச் சப்பாத்துக்குள் மறைத்து வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆரணி வீட்டுக்கு வந்து அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் போட்டாள். அவள் என்னோடு கோபத்தில் மட்டுமல்ல, சிரிப்பிலும் டெனிஷில்தான் கதைப்பாள். அன்றைக்கும் டெனிஷில்தான் கேட்டாள். "அம்மா, என்னை யாருக்கோ கட்டிக்கொடுக்கப் பார்த்தாயா?"

இல்லை என்று சொன்னால் அது பொய். உண்மையில், ஒரு இரவும் ஒரு காலையும் நான் அதை யோசித்தேன். எந்தப் பெடியன் என்றுகூட ஒரு முகம் மனதில் வந்து போனது. அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் கலியாணத்தை, அவளுடைய அப்பாவின் நடுங்கிய கையை, பாயச வாளியோடு வரிசையில் நடந்த மதியை, மூன்று மாதத்தை. ஐயாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் சொன்னேன். என்னையும்தான். நான் அந்தக் கலியாணத்துக்கு மாட்டேன் என்று சொல்லியிருந்தால் போயிருக்க வேண்டியவள் நான்.

ஆரணி கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு, "சித்திக்கு எத்தனை வயசு?" என்றாள். தமிழில் கேட்டாள்.

"பதினைஞ்சு."

அட்டையை எடுத்துக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "என்ர பேரை எடுக்க வேண்டாம். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், அம்மா. தயவுசெஞ்சு ஒண்டும் செய்ய வேண்டாம்." அந்தத் தமிழ் கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் ஓம் என்றேன்.

அப்படியே விட்டேன். வசந்த காலத்தில், குடியுரிமை கிடைப்பவர்களைப் பட்டியலிடும் சட்டத்தில் எங்கள் இருவரின் பெயர்களும் வந்தன. நகர மண்டபத்தில் நடந்த வைபவத்தில் மேயரின் கையைக் குலுக்கினேன். கை குலுக்காவிட்டால் குடியுரிமை இல்லை என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். கை குலுக்கினால் மனது ஒட்டிக்கொள்ளும் என்று இந்தப் படித்த ஆட்கள் உண்மையிலேயே நம்புகிறார்கள். அங்கேயும் கேக் இருந்தது. அங்கேயும் கொடி. மாஸ்ரரின் கடைக்குட்டிக்கு ஆஸ்துமாக் கடிதம் கிடைத்துவிட்டது என்று அறிந்தேன். நேசன் மட்டும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பரீட்சை கஷ்டம் என்கிறார்.

ஆரணிக்குப் பதினெட்டு நிறைந்த பிறகு அழைப்பு வந்தது. வாசலுக்கு யாரும் வரவில்லை. பல் வைத்தியரின் நினைவூட்டலுக்கும் நூலகத்தின் அறிவித்தலுக்கும் நடுவில், அவளுடைய தொலைபேசிக்கு, அன்பான ஆரணி என்று தொடங்கி வந்தது. வசதியான உடை அணிந்து வரவும், மதிய உணவு உண்டு. நான் அதை நாலு தடவை வாசித்தேன். இவ்வளவு மரியாதையாகப் பிள்ளை பிடிக்கிறவர்களை நான் கண்டதில்லை. சீட்டு இழுக்கும் நாள் காலை அவள் ரயிலுக்குப் போனாள், நான் வேலைக்குப் போனேன்.

பதினொரு மணிபோல் நானும் பிர்கிட்டவும் ஒரு படுக்கைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. ஆரணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் இழுத்த சீட்டு. பெரிய எண், ஐந்து இலக்கம். கீழே ஒரே ஒரு சொல்: ஃப்றீநொம்மர். விடுபட்ட எண், கூப்பிடமாட்டார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். தொலைபேசியைக் கொஞ்சினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. நிமிர்ந்து பார்த்தால் விரிப்பின் மறு முனையைப் பிடித்தபடி பிர்கிட்ட நிற்கிறாள். அவளுடைய மகள் போய் ஆறு மாதமாகிறது. போன கிழமைதான், எல்லைப்பக்கம் ஏதோ ஒரு நாட்டுக்கு இவர்களையும் அனுப்பக்கூடும் என்று செய்தியில் கேட்டுவிட்டு, கட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மெல்லிய குரலில் என்னிடம் கேட்டாள், அனுப்பமாட்டார்கள்தானே என்று. எனக்கு எப்படித் தெரியும்?

"நல்ல செய்தியா?" என்றாள்.

"ஓம்" என்றேன் தமிழில். பிறகு டெனிஷில் சொன்னேன்.

"அப்படியென்றால் நாளைக்குக் கேக்" என்று சிரித்தாள். என்ன செய்தி என்று கேட்கவில்லை.

கேக் செய்தேன். கடையில் கொடிப் பக்கற் வாங்கினேன். அடுத்த நாள் காலை தேநீர் அறை மேசையில் வைத்து, கொடிகளைக் குத்திவிட்டுத் துண்டையும் பேனையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய படத்தில் பிர்கிட்டவின் மகள் சீருடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுவது? உன் மகள் போனாள், என் மகள் தப்பினாள், எடுத்துச் சாப்பிடு என்றா? ஐயாவும் அன்றைக்குப் பந்தி முடிய இப்படித்தான் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பார். ஐயாவை, மாஸ்ரரை, இந்தக் கேக்குக்காரர்களை எல்லாம் இத்தனை பக்கம் இளக்காரமாக எழுதிவிட்டேன். அந்த வரிசையில் கடைசி ஆள் நான். துண்டில் தமிழில் ஒரே ஒரு சொல் எழுதினேன். மதி.

எல்லோரும் வந்தார்கள். பிர்கிட்ட துண்டைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "இது என்ன?"

"என் தங்கையின் பெயர்."

"ஓ, அவளுக்குப் பிறந்தநாளா?"

நான் கேக்கை வெட்டத் தொடங்கினேன். அதை ஆம் என்று எடுத்துக்கொண்டாள். இந்த நாட்டில் கொடி குத்திய கேக்கும் ஒரு பெயரும் இருந்தால் அது பிறந்தநாள்தான்.

"எத்தனை வயது?"

"பதினைந்து" என்றேன்.

முப்பத்தேழு வயதுக்காரிக்குப் பதினைந்து வயதில் ஒரு தங்கை எப்படி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிர்கிட்ட கையைத் தட்டித் தொடங்கினாள். மற்றவர்களும் எழுந்து நின்று, வேலைச் சட்டையோடு, காகிதக் கொடிகளைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டு, பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள். பெயர் வரும் இடத்தில் பிர்கிட்ட என்னைப் பார்த்து வாயசைவைப் பிடித்து, "மாதி" என்று நீட்டினாள். எல்லோரும் மாதி என்றார்கள். முடிவில் மூன்று தடவை ஹுர்ரா சொன்னார்கள். நானும் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து ஹுர்ரா சொன்னேன்.